ஒரு வீட்டுக்கு ஒரு பொய்

பலகையில் இருந்தது:
டாக்டர் நூ நூ வின், ரங்கூன்.
அம்மாப்பேட்டை நாக்கு ஒரே வாரத்தில்
அதை முறுக்கி
நூலம்மா ஆக்கிக்கொண்டது.

கணவரின் ஊர் என்று கப்பலேறினார்.
கணவர் வந்து சேரவில்லை.
பதிவு எண் கிடைக்கும்வரை இரண்டு வருடம்
யாரோ ஒருவர் கிளினிக்கில்
ஊசிகளைக் கொதிக்கவைத்தார்.
ழ அவருக்கு வராது.
எங்களுக்கும் வராது என்பதால்
யாரும் கவனிக்கவில்லை.
எழுத்துதான் விசித்திரம்:
ககரத்தைக்கூட உருட்டி
சோழி மாதிரி எழுதுவார்.

வரிசையில் பிள்ளை முன்னே வந்ததும்
முதலில் "நோட்டை நீட்டு",
அப்புறம்தான் "நாக்கை நீட்டு".
கடைசிப் பக்கத்துத் தேதி பழசாயிருந்தால்
அப்பன் பக்கம் திரும்பி
மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றுவார்.

எனக்கு எட்டு வயது. நோட்டே கிடையாது.
தறிக்குழி ஓரம் தார் சுற்றுகிறவன்.
வயிற்றுவலி என்று கூட்டிப்போனார் அப்பா.
வயிற்றைத் தொடவேயில்லை.
நெஞ்சில் குழலை வைத்து
வெகுநேரம் எதையோ கேட்டார்.
"இளைப்பு. பஞ்சுத்தூசி ஆகாது.
குளிக்கிட்ட விட்டா தை தாண்டாது."

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்தில்.
அதே திங்கட்கிழமை
மூன்றாம் வகுப்புப் பையை ஆணியில் மாட்டிவிட்டு
என் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்
அக்கா தெய்வானை.

அந்த வருடம் பிள்ளைகளுக்கு
ஏகப்பட்ட இளைப்பு.
பச்சப்பட்டிப் பக்கம் மட்டும் பதினொன்று.
தண்ணீர் சரியில்லை என்றார்கள்.
சாயப்பட்டறையைத் திட்டினார்கள்.
நான் ஓடவில்லை, கபடிக்குப் போகவில்லை,
ஆடியில் வண்டிவேடிக்கைக் கூட்டத்தில்
வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றேன்.

இருபத்திரண்டில் இரும்பாலை வேலைக்குச் சோதனை.
படத்தை வெளிச்சத்தில் பிடித்தவர் சிரித்தார்:
"குதிரைக்குக்கூட இப்படி இருக்காதுய்யா."
"சின்ன வயசுல இளைப்புங்க."
"எவன் சொன்னது?"

பேருந்தில் வரும்போதே
தொண்டைவரை கோபம்.
அவர் தட்டுவடையைக் கடித்தபடி
இரவுப்பள்ளிக்குக் கேள்வித்தாள் எழுதிக்கொண்டிருந்தார்.

"பொய்யா எழுதினீங்க?"
"ஆமா."
"அக்காவுக்கு ஏன் எழுதல?"

பேனா நின்றது.
"ஒரு வீட்டுக்கு ஒரு பொய்தான் தம்பி நம்புவாங்க.
அன்னைக்கு நீ எதிர்ல நின்னே.
அவ ஒருத்தி இருக்கிறதே
எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.
நான் காலைத் தொடவில்லை.
தட்டுவடையில் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.
தின்றேன் என்றுதான் நினைக்கிறேன்.

போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார்.
அலமாரியை ஒதுக்கும்போது பழைய பேரேடு:
பெயர், வயது, நோய்.
சில பெயர்களின் பக்கத்தில் மட்டும்
சின்னதாக ஒரு வட்டம்.
எண்ணிப் பார்த்தேன், நூற்று நாற்பத்து மூன்று.
ஒருவன் இன்று வக்கீல், ஒருவன் கண்டக்டர்,
ஒருத்தி ஆத்தூரில் தலைமையாசிரியை,
ஒருவன் மத்தியச் சிறையில்.
குமரவேல், எட்டு, இளைப்பு:
எனக்கும் வட்டம் இருந்தது.

பிந்தைய ஏடுகளில் தெய்வானை.
முப்பத்தாறு வயது. இளைப்பு.
வட்டம் இல்லை.
அடுத்த மாதமும் இல்லை,
அதற்கடுத்த மாதமும்.
பத்தொன்பது வருடம்
மாதம் தவறாமல் அவள் பெயர்,
கட்டணம் என்ற கட்டத்தில்
தொகைக்குப் பதில் இரண்டு சொல்.

பக்கத்தில் வந்து நின்று
மூச்சை ஒருமுறை இழுத்துப் பிடித்துக்கொண்டு
விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள் அக்கா:
எ... ன்...
க... ண... க்... கு.

சரியாகத்தான் படித்தாள்.